செயலாளர் யார்

17 செப்டம்பர் 2006, ஞாயிறு

மத்தியானம் துஷாந்தினி வந்தாள். வாசலில் சப்பாத்தைக் கழற்றும்போதே, "அன்ரி, அப்பாட கோப்பு வந்திட்டுது" என்றாள்.

அவளுடைய அப்பா அரியரத்தினம் யாழ்ப்பாணத்தில். கனடாவுக்கு வர இரண்டு முறை விண்ணப்பித்து, இரண்டு முறையும் 'பாதுகாப்புக் காரணம்' என்று மறுத்துவிட்டார்கள். அந்தக் காரணம் என்ன என்று ஒருவரும் சொன்னதில்லை. இப்போது அவளுடைய வழக்கறிஞர் கேட்டு எடுத்திருக்கிறார். நாற்பத்தொரு பக்கம்.

"நீங்களும் அப்பாவும் மொஸ்கோவில ஒண்டாப் படிச்சனீங்கள்தானே. உங்களுக்கு விளங்கும், பாருங்கோ."

பாதிக்கு மேல் கறுப்பு மை பூசி அழித்திருந்தது. ஒரு வசனம் மட்டும் முழுசாகத் தப்பியிருந்தது. "வெளிநாட்டு மாணவர் கட்சிக் குழுவின் செயலாளர் இவரே என்று தகவல் தந்தவர் கூறினார்." தகவல் தந்தவரின் பெயர் கறுப்பு.

"ஆராயிருக்கும் அன்ரி?"

"தெரியேல்லை பிள்ளை" என்றேன். தேத்தண்ணி வைக்கிறேன் என்று குசினிக்குள் போய்விட்டேன்.

19 செப்டம்பர்

செயலாளர் நான்.

20 செப்டம்பர்

எழுதியாகிவிட்டது. இனி மிச்சத்தையும் எழுதலாம்.

1979 இல் கம்யூனிஸ்ட் கட்சி கொடுத்த புலமைப்பரிசிலில் மொஸ்கோ போனோம். நான் மருந்தாளர் படிப்பு, அரியம் நீர்ப்பாசனம். கூட்டம் கூட்டியது, தீர்மானம் எழுதியது, அமெரிக்காவின் ஏவுகணைகளைக் கண்டித்து மேடையில் கத்தியது எல்லாம் நான். அரியம் பின்வரிசையில் இருந்து நித்திரை கொள்வார். உயரமான ஆள் என்று மே தின ஊர்வலத்தில் பதாகையைத் தூக்க வைத்தோம். அவர் செய்த அரசியல் அவ்வளவுதான்.

84 இல் ஹவானாவில் இளைஞர் மாநாடு. செயலாளர் என்று என்னை அனுப்பினார்கள். விமானம் எண்ணெய் நிரப்பக் கனடாவில், கண்டரில் இறங்கியது. ஊரில் 83 கலவரம் முடிந்து ஒரு வருஷம். திரும்ப ஏறவில்லை. பொலிஸ்காரரிடம் போய் அகதி என்றேன். முதலாளித்துவம் ஒழிக என்று கத்திய அதே வாய்.

மொன்றியலில் என்னை விசாரித்த அதிகாரி மரியாதையானவர். கோப்பி தந்தார். பிறகு அந்த மே தின ஊர்வலத்தில் எடுத்த படம் ஒன்றை மேசையில் வைத்தார். எப்படிக் கிடைத்ததோ! "ஹவானாவுக்குச் செயலாளரைத்தானே அனுப்புவார்கள். அது நீங்களா?"

ரஷ்யாவின் ஆள் என்று எழுதினால் திருப்பி அனுப்புவார்கள் — அதுதான் மண்டைக்குள் ஓடியது. பதாகையோடு நின்ற அரியத்தில் விரலை வைத்தேன். இவர்தான் செயலாளர், இவருக்குக் காய்ச்சல், அதனால் என்னை அனுப்பினார்கள் என்றேன்.

காய்ச்சல் என்றுகூடச் சொன்னேன். பொய்க்கு அலங்காரம் வேறை.

அவர் படிப்பை முடித்து ஊருக்குப் போகிறவர், அவருக்கு இதால் ஒன்றும் வராது என்று நினைத்தேன். நினைத்தேனா? இல்லை. அவரைப் பற்றி நினைக்கவேயில்லை.

21 செப்டம்பர்

பொயின்ட்-கிளேரில், நான் வேலை செய்யும் தொழிற்சாலையில், மருந்துப் பெட்டிகளுக்கு இரண்டு முறை தப்பான சீட்டு ஒட்டினேன். மேற்பார்வையாளர் சுகமில்லையா என்று கேட்டார்.

அரியத்தின் மனைவி நிரஞ்சனி பிள்ளையோடு 90 இல் வந்தாள். அவர் பேந்து வாறதாக ஏற்பாடு. 92 இல் முதல் மறுப்பு வந்தபோது என்னிடம்தான் வந்து அழுதாள். "பழைய ரஷ்யா விஷயமாயிருக்குமோ அக்கா?" அன்றைக்கே எனக்குத் தெரியும்.

அதற்குப் பிறகு அந்த வீட்டுக்கு நான் செய்யாதது இல்லை. பிள்ளையைப் பள்ளிக்கூடத்திலிருந்து கூட்டி வந்தேன். நிரஞ்சனிக்குப் புற்றுநோய் வந்தபோது ஆஸ்பத்திரியில் நின்றேன். "அக்கா எங்களுக்குத் தெய்வம்" என்பாள். சிரித்துக்கொண்டு கேட்டுக்கொண்டிருந்தேன், பாவி. 2004 இல் அவளுடைய செத்தவீட்டுக்கும் அவரால் வர முடியவில்லை. துஷாந்தினி தொலைபேசியைச் சவப்பெட்டிக்குப் பக்கத்தில் பிடித்துக்கொண்டு நின்றாள். தொலைபேசியில் அவர் தேவாரம் படித்தார். நடுவில் குரல் உடைந்து நின்றது. பிறகு விட்ட இடத்திலிருந்து படித்தார்.

கிழமைக்குக் கிழமை பூசைக்குப் போகிறேன். ஒரு பாவசங்கீர்த்தனத்திலும் சுவாமியாரிடம் இதைச் சொன்னதில்லை.

28 செப்டம்பர்

சண்டையால் யாழ்ப்பாணத்துக்குப் பாதை மூடி ஏழு கிழமை. துஷாந்தினிக்கு இன்று லைன் கிடைத்ததாம். மாவுக்கு வரிசை. பக்கத்து வீட்டு ஆளை வான் வண்டியில் ஏற்றிக்கொண்டு போனவர்கள் திருப்பி விடவில்லையாம். "அப்பா பகிடி விட்டுக் கதைக்கிறார் அன்ரி. அதுதான் எனக்குப் பயமாக் கிடக்கு."

வழக்கறிஞர் சொன்னாராம்: தகவல் தந்தவரே வந்து அது பொய் என்று சத்தியக்கடதாசி தந்தால் கோப்பைத் திரும்பத் திறக்கலாம்.

"அந்த ஆள் செத்தும் போயிருக்கும், என்ன அன்ரி?"

1 ஒக்டோபர்

காலைச் சாப்பாட்டில் வின்சன்டிடம் சொல்லிவிட்டேன். என் மனுசன் கோபக்காரர் இல்லை. பாண் துண்டைக் கையில் வைத்தபடி இருந்தார்.

"பொய் சொல்லி உள்ள வந்தது எண்டு உம்மட குடியுரிமையைப் பறிப்பாங்கள். யோசிச்சனீரோ? சோவியத்தே இல்லாமல் போச்சு. இனி ஆருக்காக இதைக் கிளறுறீர்?"

"அரியம் இருக்கிறாரே."

பாண் துண்டைத் தட்டில் வைத்தார். பிறகு, "என்னட்டையும் சொல்லேல்லையே" என்றார்.

14 ஒக்டோபர்

பார்க் எக்ஸ்டென்ஷனில் துஷாந்தினியின் வீட்டுக்குப் போனேன். அவள் வேலைக்கு வெளிக்கிட்டுக்கொண்டிருந்தாள். நின்றபடியே சொன்னேன். இருந்தால் சொல்லமாட்டேன் என்று தெரியும்.

முதலில் விளங்கவில்லை அவளுக்கு. பிறகு பிரெஞ்சில் ஏதோ கத்தினாள், எனக்குப் பாதிதான் பிடிபட்டது. பிறகு சத்தம் அடங்கி, தமிழில்:

"அம்மா சாகேக்க கையைப் பிடிச்சுக்கொண்டிருந்தது நீங்கள்தானே."

"ஓம்."

"அப்பவும் தெரியும்."

"ஓம்."

மேற்சட்டையின் பொத்தான்களைக் கழுத்து வரை பூட்டினாள். "வழக்கறிஞரிட்ட எப்ப வருவீங்கள், மடாம்?"

அன்ரி இல்லை. மடாம்.

20 ஒக்டோபர்

கையெழுத்து வைத்தேன். ஆறு பக்கம். வழக்கறிஞர், "உங்களுக்கும் ஒரு வழக்கறிஞர் தேவைப்படும்" என்றார்.

9 மார்ச் 2007

எனக்கும் கடிதம் வந்துவிட்டது. என் குடியுரிமையை விசாரிக்கிறார்களாம். வின்சன்ட் வாசித்து, மடித்து, என் முன்னால் வைத்தார். "சாப்பிடும்" என்றார். அவர் அவித்த புட்டு. என்னோடு பழையபடி கதைக்கத் தொடங்கியது இன்றைக்குத்தான்.

3 பெப்ரவரி 2008

கோயிலில் யாரோ வின்சன்டுக்குச் சொன்னார்களாம். அரியத்தைக் கொழும்புக்கு வைத்தியப் பரிசோதனைக்குக் கூப்பிட்டிருக்கிறார்கள். விசா கிடைக்கும்போலே.

குசினியில் நின்று அழுதேன். சந்தோஷமா? அப்படி எழுத வெட்கமாயிருக்கிறது.

8 ஜூன் 2008

அவர் நேற்று வந்து இறங்கினாராம். விமான நிலையத்துக்கு நான் போகவில்லை. என்னைக் கூப்பிடவும் இல்லை. துஷாந்தினி அவரைக் கண்டு எப்படி நின்றிருப்பாள்? நாலு வயதில் அவரை விட்டுவிட்டு வந்த பிள்ளை.

வேண்டாம். அதைப் பார்க்க எனக்கு உரிமை இல்லை.

23 செப்டம்பர் 2008

பின்னேரம் வேலை முடிந்து, மரக்கறி வாங்கலாம் என்று ஜோன்-தலோன் நிலையத்தில் மெத்ரோ ரயில் மாறி ஏறினேன். எதிரே ஒரு கிழவர். தலை முழுக்க நரை, முதுகு கூனல். எங்கேயோ பார்த்த ஆள் என்று பார்க்கிறேன் — அரியம்.

அவரும் கண்டுவிட்டார். அடுத்த தரிப்பில் இறங்கி ஓடலாமா என்று நினைத்தேன். அவர் பக்கத்து இருக்கையில் கிடந்த பையைத் தூக்கி மடியில் வைத்தார். போய் இருந்தேன். இருபத்துநாலு வருஷம்.

"அரியம், நான்—" என்று தொடங்கினேன். கையைக் காட்டி நிறுத்தினார்.

"உம்மட விசாரணை எப்ப?"

"நவம்பர் பன்னிரண்டு."

"நான் வாறன்."

நிமிர்ந்து அவரைப் பார்த்தேன்.

"உமக்காக இல்லை, அக்னெஸ். நிரஞ்சனியை நினைச்சா எனக்கு உம்மைப் பார்க்கவே ஏலாமக் கிடக்கு. ஆனா இவ்வளவு காலமும் என்னைப் பற்றி மற்ற ஆக்கள்தான் கதைச்சவை. ஒருநாளாவது நான் கதைக்கவேணும்."

"என்ன சொல்லப்போறியள்?"

"நடந்ததை."

அது எனக்கு நல்லதா கெட்டதா என்று நான் கேட்கவில்லை. பார்க் தரிப்பு வந்தது. எழும்பினவர், பேனை இருக்கிறதா என்று கேட்டார். கொடுத்தேன். கம்பியில் தோளைச் சாய்த்தபடி உள்ளங்கையில் திகதியை எழுதினார். பேனையைத் திருப்பித் தந்துவிட்டு இறங்கிப் போனார்.