முதல் நிலை மாணவியாகப் பதிவான பட்டதாரியை நீக்கி, அவருடைய அக்கா மகளைச் சேர்ப்பது குறித்து

அனுப்புநர்:
வீட்டுக்கல்விப் பதிவு எண் 417
(பதிவேட்டின்படி முதல் நிலை மாணவி, உண்மையில் நிலவியல் பட்டதாரி, வயது 23)
பாலப் பணியாளர் குடியிருப்பு, நான்காம் வரிசை, கடைசி வீடு.

பெறுநர்:
மேற்பார்வையாளர் அவர்கள்,
வாசிப்பு மையம்.

பொருள்: எனக்கு எழுத்துத் தெரியும் என்பதை ஏற்று, என் பதிவை நீக்கி, என் அக்காவின் மூத்த மகளுக்கு மூன்றாம் நிலைப் புத்தகத் தொகுப்பு வழங்கக் கோருதல்.

பார்வை: மையத்தின் தேர்வுக் குறிப்புகள் இரண்டு (“குரல் கேட்கவில்லை”).

மதிப்புக்குரிய மேற்பார்வையாளர் ஐயாவுக்கு வணக்கம்.

1. என் அத்தான் பாலம் கட்டும் நிறுவனத்தில் வெல்டராக இருக்கிறார். ஒரு பாலம் முடிந்ததும் எங்கள் குடும்பம் அடுத்த ஆற்றங்கரைக்குப் போய்விடும். இதனால் என் அக்காவின் மூத்த மகள், எட்டு வயது, இதுவரை மூன்று பள்ளிகளில் சேர்ந்திருக்கிறாள். புதிதாக வந்த பிள்ளை என்பதால் மூன்றிலும் அவளுக்கு முதல் பாடத்திலிருந்தே தொடங்கினார்கள். அணில், ஆடு, இலை ஆகியவற்றை அவள் மூன்று முறை படித்து முடித்துவிட்டாள். புத்தகத்தின் பின்பாதியில் என்ன இருக்கிறது என்று அவள் பார்த்ததே இல்லை. அதற்குள் பாலம் முடிந்துவிடும்.

2. ஆகவே அவளையும் ஐந்து வயதுத் தங்கையையும் வீட்டிலேயே படிக்க வைப்பது என்று முடிவானது. எந்தப் புத்தகத்தை வைத்துப் படிக்க வைப்பது என்ற பொறுப்பு என் தலையில் விழுந்தது. எங்கள் குடும்பத்தில் கல்லூரிக்குப் போன முதல் ஆள் நான்தான். நான் படித்தது பாறைகளைப் பற்றி என்று எவ்வளவோ சொல்லிப் பார்த்தேன். “கல்லையே படிச்சு பாஸ் பண்ணிட்ட. எழுத்து என்ன, அதைவிடக் கெட்டியா?” என்று அக்கா கேட்டாள்.

3. தங்கள் மையத்தில் பதிவு செய்யாதவர்கள் வாரம் ஒரு மாதிரிப் புத்தகமோ பயிற்சிக் கருவியோ எடுத்துச் செல்லலாம் என்பதால், ஆறு வாரம் செவ்வாய்க்கிழமைதோறும் வந்தேன். நான் தேர்ந்தெடுத்த முறையைத் தாங்கள் அறிவது அவசியம். பின்னால் வந்த சிக்கலுக்கு அந்த முறையே காரணம்.

முதலில் எடுத்துச் சென்றது படங்கள் நிறைந்த சொற்புத்தகம். சின்னவள் ஒரே நாளில் முழுவதையும் கடகடவென்று படித்தாள். வீடே பெருமைப்பட்டது. பல்லி என்று அச்சிட்டிருந்த பக்கத்தை மட்டும் அவள் “முதலை” என்று படித்தாள். படத்தைப் பார்த்தேன். குழந்தை மேல் தவறில்லை. அதை வரைந்தவர் பல்லியை மிகவும் பக்கத்தில் வைத்துப் பார்த்திருக்க வேண்டும். படத்தைக் கட்டைவிரலால் மறைத்துக் கேட்டபோது, அவளுக்கு ஓர் எழுத்தும் தெரியவில்லை என்று தெரிந்தது. அன்றிலிருந்து எந்தப் புத்தகத்தையும் படங்களைக் கட்டைவிரலால் மூடிக்கொண்டு, ஒவ்வோர் எழுத்தாக நானே வாய்க்குள் சொல்லிப் பார்த்த பிறகுதான் எடுப்பது என்று வைத்துக்கொண்டேன்.

அடுத்தது, பொத்தானை அழுத்தினால் எழுத்தின் ஒலியைச் சொல்லும் கருவி. நல்ல கருவிதான். ஆனால் பேட்டரி தீரும் நிலையில் இருந்தது. சின்னவள் பத்து நாள் எல்லா எழுத்துகளையும் வயிற்றுவலி வந்தவர் முனகுவதுபோல இழுத்துச் சொன்னாள். பக்கத்து வீட்டுக்காரர் வந்து விசாரித்துவிட்டுப் போனார்.

எழுத்துப்பிழை திருத்தும் பயிற்சி நோட்டு ஒன்றையும் முயன்றோம். அதன் கடைசிப் பக்கத்தில் விடைகள் இருந்தன. பெரியவள் ஒரு பிழைகூட விடவில்லை. கேட்டதற்கு, “அப்பாவும் ப்ளானைப் பாத்துட்டுத்தானே பாலம் கட்டறாரு. பாக்காம கட்டுனா நீங்க அதுமேல போவீங்களா, சித்தி?” என்றாள். நோட்டைத் திருப்பிக் கொடுத்துவிட்டேன்.

கடைசியில் தேறியவை இவை: சின்னவளுக்குப் படமில்லாத எழுத்தட்டைகள், இருவருக்கும் கோடு போட்ட, விடைகள் இல்லாத, சொல்வதெழுதும் நோட்டு, பெரியவளுக்குத் தங்கள் மையத்தின் மூன்றாம் நிலைச் சிறுகதைத் தொகுப்பு. அதன் மாதிரிப் பிரதியைப் பெரியவள் ஒரு மாலையில், தட்டுத் தடுமாறி, கடைசி வரி வரைக்கும் படித்தாள். வாழ்க்கையில் அவள் முடித்த முதல் புத்தகம் அது. முடிந்துவிட்டது என்பதை அவள் நம்பவில்லை. பின்னட்டையைத் திருப்பி அச்சகத்தின் முகவரியையும் படித்துவிட்டு, “இதுக்கு அப்புறம் இன்னும் இருக்கா, சித்தி?” என்று கேட்டாள். தொகுப்பில் இன்னும் பதினொன்று இருக்கின்றன என்று சொன்னேன். அந்தப் பதினொன்றுக்காகவே இந்த மனு.

4. ஆறாவது செவ்வாய்க்கிழமை முழுத் தொகுப்புக்காகப் பதிவு செய்யக் கவுன்ட்டருக்கு வந்தேன். தங்கள் கவுன்ட்டர் எழுத்தர் மிக நல்ல மனிதர் என்பதை இங்கேயே பதிவு செய்ய விரும்புகிறேன். வாசிப்பு மூலையில் உள்ள குட்டி நாற்காலியில் உட்கார்ந்து, முதல் நிலைப் புத்தகங்களைக் கட்டைவிரலை நகர்த்தி நகர்த்தி, உதடு அசைய நான் படிப்பதை அவர் ஆறு வாரமாகக் கவனித்து வந்திருக்கிறார். பெரியவர்களுக்கான எழுத்து வகுப்பும் அதே அறையில் நடப்பதால் அவர் ஒரு முடிவுக்கு வந்திருந்தார். நான் வாயைத் திறப்பதற்குள், “நானும் பாத்துக்கிட்டுத்தாம்மா இருக்கேன். கூச்சப்படாத. இந்த வயசுல எழுத்துக் கத்துக்க வர்றதுக்குத் தனித் தைரியம் வேணும்” என்றார். தன் நாற்காலியை எனக்குத் தந்தார். தேநீர் வரவழைத்தார். வரிசையில் நின்றவர்களிடமும் சொன்னார். அவர்கள் கைதட்டினார்கள்.

5. அப்போதே மறுத்திருக்க வேண்டாமா என்று தாங்கள் கேட்கலாம். நியாயம். எனக்கு நான்கு பேருக்கு முன்னால் பேச வராது. கல்லூரியில் மூன்று ஆண்டுகள் வருகைப் பதிவின்போது கையை மட்டும் தூக்கியே பட்டம் வாங்கியவள் நான். மேலும், கைதட்டி முடித்தவர்களிடம் அது வீண் என்று எப்படிச் சொல்வது என்பது எனக்கு இன்றுவரை தெரியவில்லை. படிவத்தை அவரே நிரப்பினார். பிறகு மைப்பெட்டியைத் திறந்து, என் கட்டைவிரலைப் பிடித்து, பதமாக உருட்டி, ரேகை வைத்தார். என் பையில் பேனா இருந்தது.

6. இதை வீட்டில் சொன்னபோது அத்தான் சிரித்ததில் சோறு புரையேறிவிட்டது. என் அம்மா சிரிக்கவில்லை. அவர் மருத்துவமனைச் சலவைப் பிரிவில் வேலை செய்கிறார். சம்பளப் பட்டியலில் ரேகைதான் வைப்பார். “நான் வைக்கிறதை நீ வைக்கக் கூடாதுன்னுதானடி உன்னைப் படிக்க வச்சேன். நீ போய் அதையே வச்சிட்டு வந்து நிக்கிற” என்றார். விரலிலிருந்த மை இரண்டு நாளில் போய்விட்டது. அம்மா என்னோடு பேச ஐந்து நாள் ஆனது.

7. மையத்தின் விதி எண் 9-இன்படி ஒரு வீட்டுக்கு ஒரு பதிவுதான். பதிவானவர் முதல் நிலையைக் கடந்த பிறகே அந்த வீட்டிலிருந்து அடுத்தவரைச் சேர்க்க முடியும். எனவே தேர்வு எழுதி வெளியேறுவதே எளிது என்று நினைத்தேன். முதல் நிலைத் தேர்வில், தேர்வாளர் ஆறடி தள்ளி உட்கார்ந்திருக்க, அவருக்குக் கேட்கும்படி பத்துச் சொற்களைப் படிக்க வேண்டும். இரண்டு முறை படித்தேன். பத்தும் சரியாகவே படித்தேன். அது எனக்கு மட்டுமே கேட்டது. இரண்டு முறையும் தேர்வாளர் அம்மா, “எழுத்து அறிவது போலத் தெரிகிறது. குரல் கேட்கவில்லை. இதே நிலையில் தொடரலாம்” என்று எழுதிக் கையொப்பமிட்டார். வெளியே வந்ததும் எழுத்தர் என்னைத் தேற்றினார். “ஃபெயில்னு நினைக்காத. அம்பது வயசுல வந்து நாலாவது தடவை பாஸ் பண்ணவங்க இருக்காங்க” என்றார். ஊக்கம் தரும் என்று என் புகைப்படத்தை அறிவிப்புப் பலகையிலும் ஒட்டியிருக்கிறார்.

8. இதே பொருள் குறித்து ஏற்கெனவே ஒரு மனு எழுதிக் கவுன்ட்டரில் கொடுத்தேன். எழுத்தர் அதை வாங்கிப் புரட்டிவிட்டு, “கையெழுத்து அச்சு மாதிரி இருக்கே, யாரும்மா எழுதிக் குடுத்தாங்க?” என்று கேட்டார். பிறகு, என்ன எழுதியிருக்கிறது என்று எனக்குத் தெரிய வேண்டாமா என்று, எனக்கு அதைப் படித்துக்காட்டத் தொடங்கினார். முதல் பத்தி முடிவதற்குள் மனுவை வாங்கிக்கொண்டு வீட்டுக்கு வந்துவிட்டேன்.

9. இதற்கிடையில், வீட்டுக்கல்விக் குழந்தைகளின் ஆண்டு ஆய்வு இம்மாதம் 28-ஆம் தேதி நடக்கிறது. அதற்குள் பெரியவளின் பெயர் பதிவேட்டில் இல்லையென்றால், அவளைப் பாலத்துக்குப் பக்கத்திலுள்ள பள்ளியில் சேர்க்க வேண்டும் என்று கடிதம் வந்துள்ளது. அந்தப் பள்ளியில் விசாரித்தேன். புதிதாக வரும் பிள்ளைகளுக்கு முதல் பாடத்திலிருந்துதான் தொடங்குவார்களாம். பெரியவளிடம் இதை மறைக்கத்தான் நினைத்தோம். கடிதத்தை அவளே எடுத்துப் படித்துவிட்டாள். அழவில்லை. “மறுபடியும் அணிலா, சித்தி?” என்று மட்டும் கேட்டாள்.

10. ஆகவே தங்களை வேண்டுவது:

என் பதிவை நீக்கி, அதே இடத்தில் பெரியவளைச் சேர்த்து, மீதமுள்ள பதினொரு புத்தகங்களை 28-ஆம் தேதிக்கு முன் வழங்க வேண்டும்.

பல்லிப் படத்தை மாற்ற வேண்டும்.

கவுன்ட்டர் எழுத்தர் மீது எந்த நடவடிக்கையும் எடுக்கக் கூடாது. அவரைப் போன்ற ஒருவர் என் அம்மாவின் இருபதாவது வயதில் ஒரு கவுன்ட்டரில் உட்கார்ந்திருந்தால், எங்கள் வீட்டில் கையொப்பமிடும் முதல் ஆள் நானாக இருந்திருக்க மாட்டேன்.

11. இந்த மனுவைத் தபாலில் அனுப்பலாம் என்று அக்கா சொன்னாள். வேண்டாம் என்றுவிட்டேன். தபாலில் போனால் இது ஒரு தாள்தான், தேர்வாகாது. வரும் செவ்வாய்க்கிழமை காலை பத்து மணிக்கு, வரிசையில் ஆள் இருக்கும் நேரமாகப் பார்த்து, கவுன்ட்டர் முன் நின்று இதை நானே கடைசி வரி வரை உரக்கப் படித்துவிட்டுத்தான் கொடுப்பேன். தேர்வாளர் அம்மாவை ஆறடிக்குப் பதில் வாசற்படியில் உட்காரச் சொல்லிக் கேட்டுக்கொள்கிறேன். அவருக்குக் கேட்டால், இதையே என் முதல் நிலைத் தேர்வாகக் கொண்டு, தேர்ச்சி என்று எழுதிவிடுமாறு பணிந்து வேண்டுகிறேன்.

கேட்கவில்லை என்றால், மறுபடி முதலிலிருந்து படிக்கிறேன்.

இப்படிக்கு,
தங்கள் மையத்தின் மாணவியும்,
இரு பெண் குழந்தைகளின் சித்தியும்.

(கையொப்பம், என் பேனாவால்)

இடம்: குடியிருப்பு, கடைசி வீடு
நாள்: 19, ஞாயிறு

இணைப்பு: பட்டச் சான்றிதழ் நகல் ஒன்று, தேர்வுக் குறிப்புகள் இரண்டு, பெரியவள் தன் கையால், விடை பார்க்காமல் எழுதிய சேர்க்கை விண்ணப்பம் ஒன்று (பிழைகள் நான்கு, திருத்தவில்லை).