நிற்காத வண்டிக்காரனின் பசி

மதினி,

மகளைப் பார்க்கப் புனலூர் போன இடத்தில், ஒரு கடையில் பதிமுகப் பட்டை போட்ட சிவந்த வெந்நீர் கொண்டுவந்து வைத்தார்கள். மலையாள டிரைவர்களுக்கு நீங்கள் காய்ச்சி வைப்பீர்களே, அதே நிறம். கேரள எல்லையில், புளியறையில் உங்கள் சாப்பாட்டுக் கடையும் என் பலகாரக் கடையும் ஒரே தகரச் சுவரைப் பங்குபோட்டு நின்ற காலம் அந்த ஆவிக்குள் மெல்ல அசைந்தது.

சாரல் நாட்களில் மேகம் ரோட்டில் இறங்கிவிடும். வரிச் சாவடி வரிசையில் எது மலை, எது தார்ப்பாய் போட்ட லாரி என்று தெரியாது. அந்த வெண்மைக்குள்ளிருந்து டிரைவர்கள் தலையில் துண்டோடு ஒவ்வொருவராக வருவார்கள். அவர்கள் காத்துக்கிடந்ததால் நாம் பிழைத்தோம்.

எல்லை வரியை எடுக்கப்போகிறார்கள் என்ற பேச்சு வந்ததும், எடுக்கக் கூடாது என்று கடைக்காரர்கள் மனு எழுதினோம். நீங்கள் மட்டும் கையெழுத்துப் போடவில்லை.

"ஏட்டி, ஆலங்குளத்துத் தக்காளி வரிசையில நின்னே அழுகுது. அதுல நம்ம சோறு வேகணுமா?"

"எனக்கு ரெண்டு பொம்பளப் பிள்ளைய இருக்கு மதினி!" என்று கத்தினேன். உங்களுக்கும் அந்தக் கடையைவிட்டால் வேறு கதியில்லை என்று தெரிந்தேதான் கத்தினேன்.

ஜி.எஸ்.டி. வந்தது. சாவடி ஓய்ந்தது. லாரிகள் நம்மைத் திரும்பிப் பாராமல் மலையேறின. எல்லாம் உங்களால்தான் என்பதுபோல் நான் பேச்சை நிறுத்தினேன். மாதங்கள் கழித்து ஒரு மதியம், வாழையிலைக் கட்டோடு என் வாசலில் வந்து நின்றீர்கள்.

"நிக்காத வண்டிக்காரனுக்கும் பசிக்கும்லா? பொதிச்சோறு கட்டுவோம். போன்ல சொன்னா ரோட்டோரம் நின்னு கொடுப்போம். எனக்கு ஒத்தக் கையால முடியல, வாட்டி."

மறுநாளே தகரச் சுவரைக் கழற்றினோம். அடுப்பு மறுபடி எரிந்தது.

போன ஐப்பசியில் காய்ச்சலில் போய்விட்டீர்கள். இப்போது ரோடு வேலை நடக்கிறது. வண்டிகள் மணிக்கணக்கில் நிற்கின்றன. "பழைய காலம் திரும்பிட்டு, பாத்தியா!" என்று டீக்கடை அண்ணாச்சி சிரித்தார். என் கடையிலும் கூட்டம்தான். வெளியே ஒரு வேன்காரன், சாப்பிட வராமல், வெண்டைக்காய் மூட்டைகளைத் தொட்டுத் தொட்டுப் பார்த்துக்கொண்டிருந்தான். குடையோடு இறங்கிப் போய் ரோடு வேலை ஆட்களிடம் கெஞ்சி, அவன் வண்டியை முன்னால் விடச் சொன்னேன். என்னிடம் ஒரு டீகூடக் குடிக்காமல் மேகத்துக்குள் போய் மறைந்தான்.

கூட்டத்தைக் கண்டால் மகிழ்வதற்கு முன்னால், இவர்கள் ஏன் நிற்கிறார்கள் என்று கேட்கும் மனதை எனக்குக் கொடுத்துவிட்டுப் போயிருக்கிறீர்கள். வியாபாரத்துக்கு அது தோதுப்படவில்லை மதினி. விடவும் முடியவில்லை.