வண்டி நின்ற இடங்கள்

ஏப்ரல் 29, 2008
காலையில் லைன் காரில் ஆள் ஏற்றி இரண்டு நடை ஓட்டினேன். தாகேதா பாலத்தில் வழக்கமான நெரிசல். மத்தியானம் லைன் காரை எடுத்துக்கொண்டு ஆஸ்பத்திரிக்குப் போய் மனைவி ராணியைக் கூட்டி வந்தேன். ஈரல் முழுக்கப் போய்விட்டதாம். "இனிமே வீட்டுலயே வச்சுப் பாத்துக்குங்க" என்று அனுப்பிவிட்டார்கள். ராணி வழியில் சொன்னாள்: "என்னை நம்ம வாசல்லேர்ந்துதான் தூக்கணும். வேற ஒண்ணும் கேக்கலைங்க."

சரி என்றேன். அதில் என்ன கஷ்டம் வந்துவிடப்போகிறது?

மே 4
முந்தாநாள் இரவு அடித்த புயலில் கூரைத் தகரம் ஒன்றுகூட மிச்சமில்லை. பின்சுவரும் சாய்ந்துவிட்டது. லைன் காருக்குள் உட்கார்ந்துதான் இரண்டு பேரும் பிழைத்தோம். பின்பக்கத்துப் பெஞ்சுகளுக்குக் குறுக்கே பலகை போட்டு, மெத்தை விரித்து, அவளைப் படுக்க வைத்திருக்கிறேன். மழை விடவில்லை.

வார்டு தலைவர் ஊ தான் மாவ் வந்து பார்த்தார். கறார் ஆசாமி. போகும்போது என்னைத் தனியே கூப்பிட்டு, "கோ தேவராஜ், வெளிய எங்க கூட்டிட்டுப் போனாலும் சீக்கிரம் திரும்பிடுங்க. தெரியும்ல?" என்றார்.

தெரியும். வெளியில் செத்தவர்களின் உடலைத் தெருவுக்குள் விடமாட்டார்கள். தெருவுக்கே ஆகாது என்பது பர்மியர் வழக்கம். போன வருஷம் லாரியில் அடிபட்ட தச்சனைத் தெருமுனையிலிருந்தே சுடுகாட்டுக்குக் கொண்டுபோனார்கள். அவன் பெண்டாட்டி முனையில் நின்று கதறியது இன்னும் காதில் இருக்கிறது.

மே 5
தாமுவே. ராணியின் தம்பி சபாபதி வீடு. மூன்றாம் மாடிக்குத் தூக்கித்தான் ஏற்றினோம். ராத்திரி தங்கும் விருந்தாளியை அந்த வார்டு ஆபீசில் பதிய வேண்டுமே, நானே போனேன். எதற்காக வந்தீர்கள் என்றார்கள். மனைவிக்கு உடம்பு முடியவில்லை என்று எழுதிக் கொடுத்தேன்.

மே 6
மடையன் நான். "சொந்தக்காரரைப் பார்க்க" என்று எழுதித் தொலைத்திருக்கலாம். விஷயம் கட்டடத்துக்காரர் காதுக்குப் போய், சாகக் கிடப்பவளை இங்கே வைக்காதே என்று விடிந்ததும் வந்து நிற்கிறார். "மச்சான், தப்பா நெனைக்காதீங்க. எங்களையும் காலி பண்ணச் சொல்றார்" என்றான் சபாபதி. அழுதுவிட்டான். அவனை என்னவென்று திட்டுவது? மறுபடி படியிறக்கினோம். படிக்குப் படி முனகினாள் ராணி.

மே 7
மரம் விழாத தெரு இல்லை. ஒரு கடை ஓரம் நிறுத்தினேன் — விரட்டினார்கள். பள்ளிக்கூட வாசலில் நிறுத்தினேன் — அங்கேயும். கடைசியில் ஒரு பௌத்த மடத்து வளவு. பெரிய பிக்கு ஒன்றும் விசாரிக்கவில்லை. கஞ்சி கொடுத்தனுப்பினார்.

மே 8
மடத்தில் கூட்டம் நெரிகிறது. வண்டி நிற்கும் இடத்தில் இரண்டு குடும்பம் படுக்கலாம். வடக்கே அவ்வளவு சேதமில்லை என்கிறார்கள். கிளம்புகிறோம்.

மே 9
மாவ்பி. என்னிடம் கண்டக்டராக இருந்த கருப்பையா இப்போது இங்கே காய்கறி போடுகிறான். வீட்டுக்குள் வரச்சொன்னான். ஒருமுறை பட்டது போதும். தோட்டத்து ஓரம், வண்டியிலேயே இருக்கிறோம் என்றேன்.

சாயங்காலம் ராணி பின்கதவைத் திறக்கச் சொல்லி வெளியே பார்த்துக்கொண்டிருந்தாள். "கல்யாணமாயி இத்தனை வருசத்துல இப்பத்தான் வெளியூர் கூட்டிட்டு வந்திருக்கீங்க" என்றாள். சிரித்தாள்.

மே 12
மோஹிங்கா இரண்டு வாய் சாப்பிட்டாள். இங்கே அவளுக்கு வலி குறைவாகத் தெரிகிறது. திரும்பிப் போனால் கூரையில்லாத வீடு, கொட்டுகிற மழை. இருந்தால் — இங்கேயே போய்விட்டால்? ஒவ்வொரு ராத்திரியும் அவள் மூக்கருகே விரலை வைத்துப் பார்க்கிறேன். பயமாக இருக்கிறது. யாரிடம் போய்ச் சொல்ல?

மே 14
பேச்சு குறைந்துவிட்டது. விடிந்ததும் கண்ணைத் திறந்து, "கெளம்புங்க" என்றாள்.

"கூரை இல்லையே ராணி."

"வாசல் இருக்குல்ல."

மே 15
எழுதிவிட வேண்டும். நேற்று கருப்பையா ஓட்டினான். நான் பின்னால், அவள் தலை என் மடியில். தாகேதா பாலம் ஏறும் முன்பே மூச்சு நின்றுவிட்டது. அழுகை வரவில்லை. கருப்பையாவிடமும் சொல்லவில்லை. ஓட்டுடா என்றேன்.

தெருமுனையில் ஜனம். ஊ தான் மாவ் கைகாட்டி வண்டியை நிறுத்தினார். பின்படியில் ஏறி ராணியின் பாதத்தைத் தொட்டார். கையை எடுக்கவில்லை.

"தூங்குறா" என்றேன்.

என்னைப் பார்த்தார். முடிந்தது என்று நினைத்தேன். அவர் குனிந்து, தெருவுக்கே கேட்கிற மாதிரி பேசினார்: "மா ராணி, வந்துட்டீங்களா? ரொம்பக் களைச்சுப் போயிட்டீங்க. வாங்க, வீட்டுக்குப் போலாம்." பிறகு திரும்பி, "நோயாளி வர்றாங்க, வழி விடுங்க" என்றார்.

பலகையின் ஒரு முனையை அவரே பிடித்தார். வாசல் வழியாக உள்ளே கொண்டுபோய் வைத்தோம். தண்ணீர் கேட்டு வாங்கி, அவள் தலையைத் தூக்கி உதட்டில் விட்டார். தண்ணீர் கழுத்தில் வழிந்தது. தன் லோன்ஜி முனையால் துடைத்தார். சற்று நேரம் பக்கத்திலேயே உட்கார்ந்திருந்தார். அப்புறம் வாசலுக்குப் போய், நின்றவர்களிடம் சொன்னார்: "இப்பத்தான் போனாங்க."

அதற்குப் பிறகுதான் எனக்கு அழுகை வந்தது.

மே 16
நேற்று மாலை, மஞ்சள் குங்குமத்தோடு எடுத்தோம். தெருவே கூட வந்தது.

இன்று ஊ தான் மாவுக்கு நன்றி சொல்லப் போனேன். டீ குடித்துக்கொண்டிருந்தார். எனக்கும் ஒன்று ஊற்றினார்.

"எதுக்கு நன்றி? அவங்க அவங்க வீட்டுலதானே போனாங்க."