நாக்குப் பாரமும் கறுப்புத் தண்ணீரும்

'இஞ்சருங்கோ' என்றால் எந்த அறையிலிருந்தும் 'ஓம்' சொன்ன என் அன்பானவருக்கு,

என்னால் ஓரிடத்தில் இருக்க முடியவில்லை. அதை முதலில் சொல்லிவிடுகிறேன். மாசியில் நீங்கள் போனதிலிருந்து, கதிரையில் இருந்தால் எழும்பச் சொல்கிறது மனம், எழும்பினால் யன்னலுக்குப் போகச் சொல்கிறது. யன்னலால் பார்த்தால் கீழே கார் நிறுத்துமிடத்தின் மூலையில் உங்கள் ட்ரெயிலர். காருக்குப் பின்னால் கொழுவி இழுத்துப்போகிற அந்தச் சின்ன வீடு, பனி மூடி, பனி உருகி, ஆடிவரை அங்கேதான் வெயில் காய்ந்துகொண்டு நின்றது.

ஆனியில், அதை அங்கிருந்து எடுக்கும்படி கட்டடத்துப் பொறுப்பாளர் சொல்லிவிட்டார். கேள்விப்பட்டு உங்கள் அண்ணை மார்க்கம் நகரிலிருந்து வந்தார். தேத்தண்ணீர்க் கோப்பையைக் கையில் வாங்கினார். பிறகு மெல்லத் தொடங்கினார்.

"பிள்ளை, உதை வித்துப்போடுவம். ஆண்டுத் திவசம்கூட முடியேல்லை. நீர் தனிய உதைக் கொண்டு எங்கை போகப் போறீர்?"

"அவர் எங்களைக் கூட்டிக்கொண்டு போற ஏரிக்கரைக்குத்தான்."

"கொழுவத் தெரியுமோ உமக்கு?"

"தெரியாது. பழகுவன்."

அவர் என்னைப் பார்க்கவில்லை. கோப்பையைத்தான் பார்த்துக்கொண்டிருந்தார்.

நீங்கள் அதை வாங்கியபோது உங்களுக்கும் ஒன்றும் தெரியாதுதானே? பிறம்ரன் நகரத்து வெயர்ஹவுஸில் வேலை முடிந்து வந்து, சாப்பாட்டு மேசையில் அந்தச் சொற்களைப் பாடமாக்குவீர்கள். "ஹிட்ச் எண்டால் காரிலை இருக்கிற கொழுக்கி. ட்ரெயிலருக்கு முன்னாலை நீட்டிக்கொண்டு நிக்கிற இரும்புதான் நாக்கு. அந்த நாக்கு கொழுக்கியை அமத்துற பாரம் நாக்குப் பாரம்."

"வண்டிக்கும் நாக்கோ? என்ரை நாக்கைவிடப் பாரமோ?" என்றேன்.

"உம்மடை நாக்கை நிறுக்க இந்த ஊரிலை தராசு இல்லை" என்றீர்கள். மகள் துளசி சிரித்துப் புரைக்கேறி, அவள் தலையில் தட்டவேண்டி வந்தது.

எனக்கு வேண்டியிருந்தது நிலத்தில் ஊன்றி நிற்கிற வீடு. நீங்களோ சில்லு வைத்த வீட்டைக் கொண்டுவந்து நிறுத்தினீர்கள்.

ஆடியில் ஒரு வெள்ளிக்கிழமை நானும் துளசியும் புறப்பட்டோம். நாக்கைக் கொழுக்கியில் இறக்கிப் பூட்டினேன். பூட்டு கழன்றாலும் ட்ரெயிலர் ரோட்டில் தனியே ஓடாமலிருக்கச் சங்கிலிகளைக் குறுக்காக மாட்டினேன். துளசி பின்னால் நின்று, "இடப்பக்க லைட் எரியுது அம்மா, வலப்பக்கமும் ஓகே" என்று கத்தினாள். அரிசி, தண்ணீர்க் கலன்கள், அடுப்பு எல்லாவற்றையும் ட்ரெயிலரின் பின்பக்கத்திலேயே அடுக்கியிருந்தேன். கதவு அந்தப் பக்கம்தானே, எடுக்க வசதி என்று நினைத்தேன்.

பிக்கரிங் தாண்டியதும் பெரிய லொறி ஒன்று எங்களை முந்திக்கொண்டு போனது. அந்தக் காற்றில் ட்ரெயிலர் இடமும் வலமுமாக ஆடத் தொடங்கியது. காரையும் சேர்த்து இழுத்தது.

"அம்மா, ஏன் பின்னாலை வாலாட்டுது? அம்மா!"

என் கால் பிரேக்குக்குப் போய்விட்டது. அப்போதுதான் நீங்கள் ஒருமுறை சொன்னது காதில் விழுந்தது. நீங்கள் ஓட்டிக்கொண்டிருந்தீர்கள், நான் தோடம்பழம் உரித்துக்கொண்டிருந்தேன். "ஆடினால் பிரேக்கை அமத்தாதையும். காஸ் மிதியிலையிருந்து காலை எடுத்திட்டு ஸ்டியரிங்கை நேராப் பிடியும்." காலை எடுத்தேன். பிடித்தேன். இன்னும் கொஞ்சம் ஆடி, அலுத்துப்போனதுபோல அடங்கியது.

வீதியோரத்தில் நிறுத்திவிட்டு இறங்கினேன். பின்கதவைத் திறந்து பார்த்தேன். பாரம் முழுக்க வாலில் இருக்கிறது, நாக்கில் ஒன்றுமில்லை. நாக்குப் பாரம் என்ற சொல்லின் பொருள் எனக்கு அங்கேதான் விளங்கியது. இருவருமாக எல்லாவற்றையும் முன்பக்கத்துக்கு மாற்றினோம்.

மாற்றி முடிந்து ட்ரெயிலர்ப் படியில் குந்தியிருந்தபோது இன்னொன்றும் நினைவுக்கு வந்தது. ஏன் இதை வாங்கினீர்கள் என்று நான் கேட்டபோது என்ன சொன்னீர்கள்? "எண்பத்துமூண்டுக் கலவரத்திலை கொழும்பு வீடு எரிய எரிய வெறுங்கையோடை ஓடினம். இனி ஓடவேண்டி வந்தால் வீட்டையும் இழுத்துக்கொண்டு ஓடுவன்."

"இஞ்சை ஆர் வந்து கொளுத்தப் போறாங்கள்?" என்றேன். "ஓம், தெரியும்" என்று மட்டும் சொன்னீர்கள். தெரிந்தும் உங்கள் நெஞ்சு அத்தனை வருடமும் ஓடிக்கொண்டுதான் இருந்ததா? ஓடிக் களைத்துத்தான் நின்றுவிட்டதா?

ஏரிக்கரையில் பலகை வைத்துச் சில்லை உயர்த்தி மட்டம் பார்த்தேன். துளசி உதடு நீலமாகும்வரை நீந்தினாள். எல்லாம் நல்லாகத்தான் போனது, புறப்படும் காலை வரைக்கும்.

ட்ரெயிலருக்கு அடியில் இரண்டு கழிவுத் தொட்டி. பாத்திரம் கழுவுகிற தண்ணீர் சாம்பல் தண்ணீர். கழிப்பறையினுடையது கறுப்புத் தண்ணீர். முன்பெல்லாம் புறப்படும் நாளில், "நீர் தேத்தண்ணி போடும், நான் உதைப் பாத்திட்டு வாறன்" என்று போவீர்கள். சவர்க்கார மணத்தோடு, ஏதாவது பகிடி சொல்லிக்கொண்டு திரும்பி வருவீர்கள். என்ன பார்த்தீர்கள் என்று நான் ஒருநாளும் காணவில்லை.

இந்த முறை உங்கள் ரப்பர்க் கையுறையைப் போட்டுக்கொண்டு, தொட்டிகளை வெறுமையாக்குகிற இடத்துக்கு நான் போனேன். தடித்த குழாயைக் கொழுவிவிட்டுச் சாம்பல் தொட்டியைத் திறக்கப்போனேன். பக்கத்தில் தன் ட்ரெயிலரோடு காத்துநின்ற வெள்ளைக்காரக் கிழவி ஓடிவந்து தடுத்தாள். கறுப்பை முதலில் விடு, பிறகு சாம்பலை விட்டால் அது குழாயைக் கழுவிவிடும் என்று சொல்லித் தந்தாள். சொன்னபடி கறுப்பைத் திறந்துவிட்டேன்.

"இவ்வளவு நாளும் உன் புருசனோ இதைச் செய்தவர்?" என்று ஆங்கிலத்தில் கேட்டாள்.

"ஓம். என்னைக் கிட்ட வரவே விடமாட்டார்" என்றேன்.

"அப்படியெண்டால் நல்ல மனுசன்தான்" என்றாள்.

உங்கள் செத்தவீட்டில் எல்லோரும் பார்த்திருக்க வராத அழுகை, அங்கே, அந்த நாற்றத்துக்கு நடுவில், கையில் குழாயோடு வந்தது. குரல் எடுத்து அழுதேன். அந்த அம்மா குழாயை வாங்கி அலசித் தந்தாள்.

திரும்பும் வழியில் நேரே மார்க்கத்துக்கு ஓட்டினேன். உங்கள் அண்ணை வாசலுக்கு வந்து, ட்ரெயிலரைச் சுற்றி நடந்து, பூட்டையும் சங்கிலியையும் தொட்டுப் பார்த்தார். கண்ணைத் துடைத்துக்கொண்டார்.

"இஞ்சை என்ரை வாசலிலையே நிக்கட்டும் பிள்ளை. அடுத்தமுறை போகேக்கை எனக்கும் ஒரு இடம் விடும்" என்றார்.

மனம் இன்னும் அடங்கவில்லை. இதை எழுதும்போதும் இரண்டு தரம் எழும்பி நடந்துவிட்டேன். ஆனால் ஒரு வாக்குத் தருகிறேன். பயந்து எங்கேயும் உங்கள் மகளை இழுத்துக்கொண்டு ஓடமாட்டேன். போனால், போக ஆசைப்பட்டுத்தான் போவோம். நான்தான் ஓட்டுவேன். நீங்கள் ஓடினது போதும்.

இனி இருங்கோ.

துளசியின் அம்மா,
உங்கள் கௌரி