சிவப்பு முள் நின்ற இடம்

தண்ணீருக்கடியில் எங்களை விட்டுப் பிரிந்த என் தங்கராசு மச்சானுக்கு,

இங்கே எல்லோரும் நலம் என்று எழுதத்தான் நினைத்தேன், கை வரவில்லை. அக்கா பேருக்குச் சாப்பிடுகிறாள். உங்கள் மகள் பள்ளிக்கூடம் போகிறாள், வருகிறாள், உங்களைப் பற்றி எதுவும் கேட்பதில்லை. நாளைக்கு உங்கள் சாவு பற்றிய விசாரணை. அதற்கு நான் எதைக் கொண்டுபோவது என்று தெரியாமல் உட்கார்ந்திருக்கிறேன்.

உங்கள் ஆழமானி என் எதிரில் இருக்கிறது. கறுப்பு முள் பூஜ்யத்துக்குத் திரும்பிவிட்டது. நீங்கள் போன அதிகபட்ச ஆழம் வரைக்கும் அது தள்ளிக்கொண்டு போய் விட்ட சிவப்பு முள் அங்கேயே நிற்கிறது, நாற்பத்தைந்து மீட்டரைத் தாண்டி. கண்ணாடிக்கு நடுவில் இருக்கும் திருகைத் திருப்பினால்தான் அது இறங்கும். ஒவ்வொரு தடவையும் தண்ணீரில் இறங்கும் முன் நீங்கள் அதைத் திருப்பி வைப்பீர்கள். இப்போது திருப்புவதா வேண்டாமா என்பதுதான் இந்த வீட்டில் பேச்சு.

நடந்தது உங்களுக்குத் தெரியும். நாங்கள் கரையில் இருந்து பார்த்ததைச் சொல்கிறேன். நத்தம் ரோட்டிலிருந்து உள்ளே போகும் அந்தக் கல் குவாரியில் குளிக்கப் போன லாரி கிளீனர் மூழ்கிவிட்டான். வேலி கிடையாது, எச்சரிக்கைப் பலகை கிடையாது. செம்பட்டிப் பக்கம் கிணற்றில் விழுந்த மோட்டாரை எடுத்துக்கொண்டிருந்த உங்களைக் கூப்பிட்டார்கள். "ஆழம் எம்புட்டுங்க?" என்று நீங்கள் கேட்டீர்கள். குவாரி மேனேஜர், "அனுமதி வாங்குன அளவுதாங்க, முப்பது மீட்டருக்கு மேல ஒரு சாண் கிடையாது" என்றார். அந்த ஆள் அதைச் சொன்ன வேகம் எனக்கு அப்போதே பிடிக்கவில்லை.

அதை நம்பித்தான் நீங்கள் அந்தச் சிலிண்டரை எடுத்தீர்கள். பச்சையும் மஞ்சளும் பட்டை போட்டது. காற்றில் ஆக்சிஜனைக் கூட்டி நைட்ரஜனைக் குறைத்து அடைத்தது. தண்ணீருக்கடியில் கூடுதல் நேரம் வேலை பார்க்கலாம், ஆனால் ஓர் ஆழத்துக்குக் கீழே அதே ஆக்சிஜன் விஷம், வலிப்பு வந்துவிடும் என்று எனக்கு விளக்கியிருக்கிறீர்கள். ஊரில் யாருக்கும் அது புரிந்ததில்லை. "ஏப்பா, அந்தக் காத்துல என்ன, சத்துமாவா கலந்துருக்கு?" என்று ஒரு கிணற்றுக்காரர் கேட்டதற்கு, "ஆமாங்க, ஏலக்காயும் போட்ருக்கு" என்று சொல்லிவிட்டு இறங்கினீர்கள்.

சிலிண்டர்கள் கடற்கரையில் நிரப்பப்பட்டு, காய்கறி இறக்கிவிட்டுத் திரும்பும் லாரியில் காலிப் பெட்டிகளுக்கு நடுவில் உருண்டு வரும். வந்ததும் உங்கள் மீட்டரை வைத்து ஆக்சிஜன் அளவை நீங்களே பார்ப்பீர்கள். நிரப்பின கடை எழுதி அனுப்பியதை நீங்கள் நம்பினதே இல்லை. சிலிண்டரின் கழுத்தில் வெள்ளை டேப் ஒட்டி உங்கள் கையால் எழுதுவீர்கள்: ஆக்சிஜன் முப்பத்திரண்டு சதம், முப்பத்து மூன்று மீட்டருக்குக் கீழே கூடாது. அன்றைக்கும் அந்த டேப் இருந்தது. நான் பார்த்தேன்.

அப்புறம் ஏன் மச்சான் நாற்பத்தைந்தைத் தாண்டினீர்கள்?

கரையில் கயிறு பிடித்தது உங்கள் கூட்டாளி, பேகம்பூர் ஜமால் அண்ணன். இரண்டு இழு இழுத்தால் கயிறு விட வேண்டும், விடாமல் இழுத்தால் தூக்க வேண்டும் என்பது உங்களுக்குள் ஏற்பாடு. கயிறு தீர்ந்த பிறகும் இரண்டு இழு வந்தது. "என்னய்யா இது, பாதாளத்துக்கா போறாரு" என்று சொல்லிக்கொண்டே இன்னொரு கயிற்றை அவர் முடிந்துவிட்டார். பிறகு விடாமல் இழுப்பு வந்தது. தூக்கினோம். கிளீனர் வந்தான், அக்குளுக்கடியில் உங்கள் கயிற்றால் நீங்கள் போட்ட முடிச்சோடு. அவன் பெண்டாட்டி மண்ணில் விழுந்து கத்தினாள். நாங்கள் தண்ணீரைப் பார்த்துக்கொண்டே நின்றோம். முதலில் குமிழி வந்தது. அப்புறம் அதுவும் நின்றது.

உங்களை மறுநாள்தான் எடுத்தார்கள்.

ஸ்டேஷனுக்குப் போனால் உங்கள் சிலிண்டரை வெயிலில் வைத்து வால்வைத் திறந்து எல்லாக் காற்றையும் வெளியே விட்டிருந்தார்கள். வெடித்துவிடும் என்று பயமாம். "மிச்ச டியூப் கியூப்பெல்லாம் எடுத்துட்டுப் போப்பா, எடம் அடைக்குது" என்றார் ஒரு ஏட்டு. அந்த டியூப் கியூப்பில்தான் ஆழமானியும் தொங்கிக்கொண்டிருந்தது. காற்று போய்விட்டது. அதில் என்ன இருந்தது என்று இனி யாரும் சொல்ல முடியாது.

நீங்கள் அந்தமானில் டைவிங் கடையில் வேலை பார்த்த காலத்து நண்பர்களிடம் போனில் கேட்டேன். கேட்டிருக்கவே வேண்டாம். ஆக்சிஜன் வலிப்புதான், சந்தேகமே இல்லை என்றார் ஒருவர். இன்னொருவர், அந்த ஆழத்தில் நைட்ரஜன் மப்பு ஏறும், குடித்தவன் மாதிரி ஆகிவிடுவான், தான் எங்கே இருக்கிறோம் என்றே தெரிந்திருக்காது என்றார். மூன்றாவது ஆள், காற்று அடைக்கும் கம்ப்ரஸர் பக்கத்தில் டீசல் எஞ்சின் ஓடியிருந்தால் புகையிலிருக்கும் விஷவாயு உள்ளே போயிருக்கும், அதற்கு வாடையும் கிடையாது, ருசியும் கிடையாது, ஆக்சிஜனை மட்டும் அளக்கும் மீட்டர் அதைக் காட்டாது என்றார். நீங்கள் சிலிண்டர் குழாய் நுனியிலிருக்கும் ரெகுலேட்டரை வாயில் வைத்து மூச்சு இழுத்துப் பார்த்து, நாக்கைச் சப்புக்கொட்டி, "எண்ணெ வாடை இல்ல, இறங்கலாம்" என்பீர்களே, அதுவும் ஒன்றுக்கும் ஆகாதாம்.

அந்தக் கலவைக் காற்றே தேவையில்லை, சாதாரணக் காற்றில் போயிருந்தால் பிழைத்திருப்பான் என்று ஒருவர். அது இல்லாமல் நான் இறங்கவே மாட்டேன், சோர்வே தெரியாது என்று ஒருவர். சோர்வு தெரியாதென்பதெல்லாம் மனப்பிரமை என்று அவரை மடக்கினார் மற்றவர். உங்கள் சாவை விட்டுவிட்டு அவர்களுக்குள் சண்டை போட ஆரம்பித்துவிட்டார்கள். கடைசியில் ஒருவர் சொன்னது மட்டும் இன்னும் குத்துகிறது. "தம்பி, ஒத்தை ஆளா, ஒரே சிலிண்டரோட, தெரியாத குழியில எவன்டா இறங்குவான்? தப்பு அவன் மேலதான்."

போனை வைத்துவிட்டேன். மீன் பார்க்க வரும் பணக்காரனுக்கு முன்னே ஒரு ஆள், பின்னே ஒரு ஆள், மேலே படகில் ஆக்சிஜன், கரையில் காப்பீடு. செத்தவனை எடுக்கப் போகிறவனுக்கு ஒரு கயிறும், முடிந்தபின் ஒரு டீயும். இது அந்த ஆளுக்குத் தெரியாதா? தெரிந்தும் தப்பு உங்கள் மேல்தானா? எனக்குப் புரியவில்லை மச்சான்.

விசாரணைக்கு மேனேஜர் எழுதிக்கொடுத்திருப்பது இதுதான்: குழி முப்பது மீட்டர்தான், முக்குளிப்பவர் தன் அஜாக்கிரதையால் இறந்தார். சிவப்பு முள் அதைப் பொய் என்று சொல்லும். ஆனால் அந்த முள்ளே இன்னொன்றையும் சொல்லும். டேப்பில் தன் கையால் எழுதின அளவைத் தாண்டி, கையிலேயே ஆழமானி இருக்க, அவர் தெரிந்தே போனார் என்று.

அக்காவுக்கு அது முதலிலேயே உறைத்துவிட்டது.

"அந்த முள்ளத் திருப்பி வச்சிரு பாண்டி."

ஜமால் அண்ணன் பதறிவிட்டார். "என்னம்மா சொல்ற? குவாரிக்காரன் ஜெயிச்சுருவான்."

"ஜெயிக்கட்டும்ணே. கவனக்கொறவா செத்தாருன்னா அது ஒரு சாவு. தெரிஞ்சே போனாருன்னு எழுதுனா? நாளப்பின்ன இந்தப் புள்ள கேக்கும்ல, எங்கப்பாவுக்கு நான் இருக்குறது நெனப்பு வரலையான்னு. நீங்களா வந்து பதில் சொல்வீங்க?"

"நான் கயிறு விட்டேன்ல, அந்தக் கயித்தோட நீளத்த நானே சொல்றேன்."

"நீங்க அவரு கூட்டாளி. உங்க பேச்ச எவன் எடுப்பான்?"

அவர் வாசலில் போய் நின்றுகொண்டார்.

எனக்கு இரண்டு பேர் சொல்வதும் சரியாகப் பட்டது. எந்தப் பக்கமும் சாய முடியவில்லை. கடிதத்தை இதுவரை எழுதி மடித்து வைத்துவிட்டு எழுந்தேன்; இனி வருவது திரும்பி வந்து எழுதுவது. சரி, முள்ளே வேண்டாம், கயிற்றில் கல்லைக் கட்டிக் குழியை நாமே அளந்துவிடுவோம் என்று நான்தான் சொன்னேன். அக்காவும் வருகிறேன் என்றாள். மூன்று பேரும் ஜமால் அண்ணன் ஆட்டோவில் போனோம்.

குவாரிக்குள் நாங்கள் நுழையவே இடம் இல்லை. டிப்பர் லாரிகள் வரிசை கட்டி நின்றன. ஒவ்வொன்றாகப் பின்னால் போய், கல் சக்கையையும் செம்மண்ணையும் குழிக்குள் கொட்டிக்கொண்டிருந்தன. நீங்கள் செத்த தண்ணீர் சாந்து கரைத்தது மாதிரி கலங்கிக் கிடந்தது.

"எதுக்குண்ணே கொட்டுறாங்க?" என்று ஒரு டிரைவரைக் கேட்டேன்.

"ஆபத்தான குழியாம்ல, மூடச் சொல்லிட்டாங்க. சமூக சேவ" என்று சொல்லிவிட்டுப் பல்லைக் காட்டினார். அவர் மேல் என்ன தப்பு, அவர் கூலிக்கு நடை ஓட்டுகிறார்.

ஆபத்து என்று இவர்களுக்கு இப்போதுதான் தெரிந்ததா? கிளீனர் குளிக்கப் போன அன்றைக்குத் தெரியவில்லையா? ஆளை அடக்கம் பண்ணி முடிப்பதற்குள் மண் அடிக்க ஆரம்பித்துவிட்டார்கள். அனுமதியைத் தாண்டித் தோண்டினது தெரியாமல் அளக்க வரும் அதிகாரிக்கு முப்பது மீட்டர் காட்ட வேண்டும், அவ்வளவுதான். கல்லைக் கட்டி விட்டுப் பார்த்தோம். கயிறு பாதியிலேயே தொய்ந்துவிட்டது.

அக்கா ரொம்ப நேரம் லாரிகளையே பார்த்துக்கொண்டிருந்தாள். ஆட்டோவில் ஏறிய பிறகு சொன்னாள்.

"அவனுக மண்ணக் கொட்டி மாத்துறானுக. நான் திருகத் திருப்பி மாத்தச் சொன்னேன். அம்புட்டுத்தான வித்தியாசம்?"

ஜமால் அண்ணன் ஆட்டோவைக் கிளப்பினார்.

"குடுத்துரு பாண்டி. முள்ளு நின்ன எடத்துலயே இருக்கட்டும். ஆனா எனக்கு அவரு மேல கோவம் போகல. அதயும் யாரும் போகச் சொல்லாதீங்க."

"யாரும்மா சொன்னா?" என்றார் ஜமால் அண்ணன். "எனக்கே போகல."

எனக்கும்தான் மச்சான். எடுக்க முடியாவிட்டால் விட்டுவிட்டு ஏறி வந்துவிட வேண்டும், செத்தவனுக்கு அவசரம் இல்லை என்று சொன்னது நீங்கள்தானே? முப்பத்து மூன்றில் நின்று கீழே பார்த்தீர்களா? கிளீனரின் சட்டை தெரிந்ததா? கரையில் கத்திக்கொண்டிருந்த பெண்ணை நினைத்தீர்களா? இல்லை, இன்னும் கொஞ்சம்தானே, செத்த நேரந்தானே என்று ஒரு கணக்கா? அல்லது மப்பு ஏறி எதுவுமே நினைக்கவில்லையா? அப்படியிருந்தால் அந்த முடிச்சு எப்படி அவ்வளவு சரியாக விழுந்தது? ஒன்றை நம்பினால் இன்னொன்று இடிக்கிறது. சில நேரம் உங்களைப் பெரிய மனிதன் என்று நினைக்கிறேன். சில நேரம் சட்டையைப் பிடித்து உலுக்க வேண்டும் போலிருக்கிறது.

ஆழமானியைத் துண்டில் சுற்றி அக்கா தன் பையில் வைத்துக்கொண்டாள். நாளைக்கு அவளும் வருகிறாள். அந்தத் திருகில் என் கை படாது, வேறு யார் கையும் பட விடமாட்டேன், இது என் வாக்கு. குழியின் ஆழத்தை ஏன் மறைத்தீர்கள் என்று மேனேஜரை எல்லோர் முன்னாலும் கேட்பேன். பதில் வராவிட்டாலும் கேட்டது பதிவாகட்டும். உங்கள் ஆள் தெரிந்துதான் போனாரா என்று அவர்கள் திருப்பிக் கேட்டால், ஆமாம், தெரிந்துதான் போனார் என்பேன். ஏன் போனார் என்று கேட்டால், எனக்குத் தெரியாது என்பேன். உங்களுக்காக ஒரு காரணத்தை ஜோடித்துச் சொல்ல மாட்டேன் மச்சான்.

நீங்கள் "ஏலே மாப்ள" என்று கூப்பிட்டால் திரும்பிப் பார்க்கிற,
ஈஸ்வரியின் தம்பி பாண்டி