வீட்டுப் பாடம் செய்யாத மாணவிக்கு

மச்சி,

என்ட பேத்தி ஹிக்மாட பழைய பள்ளி உடுப்புகளை உதறி மடிக்கலாமென்று இன்று பகல் அலுமாரியைத் திறந்தேன். அடித்தட்டில் உன்ட வெள்ளை உடுப்புக் கிடந்தது. உன்ட பேத்திக்குப் பள்ளிக்கூடத்தில் கொடுத்த துணியில் மிஞ்சினதை வைத்து, உன்ட மகள் உன்ட அளவுக்குத் தைத்தது. கழுத்தடியில் வெற்றிலைச் சாயம். எத்தனை தரம் துவைத்தும் போகவில்லை. "படிக்கிற புள்ள வெத்திலை போட்டா டீச்சர் அடிக்க மாட்டாவா?" என்று ஹிக்மா கேட்டதற்கு, "அடிச்சா என்ன, பாக்கோட சேர்த்து விழுங்கிடுவன்" என்றாய். உடுப்பை முகத்தில் வைத்துப் பார்த்தேன். சுண்ணாம்பும் கராம்பும் மணந்தது. மடிக்க வந்த வேலையை விட்டுவிட்டு அப்படியே கட்டிலில் இருந்துவிட்டேன்.

உனக்குத் தெரிந்த கதைதான். ஆனாலும் உன்னிடமே சொல்ல ஆசையாக இருக்கிறது.

ஹிக்மா முதலில் தன்னோடு உயர்தரம் படிக்கிற பிள்ளைகளை வைத்துத்தான் அந்தப் பகிடி வீடியோக்களைத் தொடங்கினாள். பள்ளிக்குப் பிந்தி வருகிறது, இன்டெவலில் ஒரு ரோல்ஸை நாலு பேர் பங்கு போடுகிறது, இப்படி. ரெண்டு மூன்று வெளியே போனதும் அந்தப் பிள்ளைகளின் வீடுகளில் சத்தம். குமர்ப் பிள்ளைகளின் முகம் போனில் போகக்கூடாது என்றுவிட்டார்கள். பிழை சொல்ல ஏலாது. ஹிக்மா மூஞ்சியைத் தூக்கிக்கொண்டு இருந்தாள். அப்போதுதான் நீ வேலியைக் கடந்து வந்து, "கிழவிகள்ட முகம் போனா யாரு கேட்கப் போறா? எங்களைப் படிக்க வை புள்ள" என்றாய்.

அன்றைக்கு நீ தொடங்கி வைத்தது. ஹிக்மாதான் டீச்சர். அவள் முகம் தெரியாது, போனைப் பிடித்தபடி குரல் மட்டும். நாங்கள் ரெண்டு பேரும் வெள்ளை உடுப்பும் வெள்ளை முக்காடும் போட்டு, கழுத்தில் ரை கட்டி, வாங்குப் பலகையில் இருப்போம். முதலாவது வீடியோவில் அவள் அதட்டிக் கேட்டாள், "ஏன் வீட்டுப் பாடம் செய்யல்ல?" நீ எழும்பி நின்று, முழங்காலைப் பிடித்துக்கொண்டு, குனிந்த தலையோடு சொன்னாய்: "டீச்சர், பேரப்புள்ள கொப்பியைக் கிழிச்சிட்டான்."

அது ஒன்றே போதும் என்று ஊர் சிரித்தது.

பிறகு சோதனை மண்டபம். எங்கள் ரெண்டு பேருக்கும் இடையில் ஒரு மூக்குக்கண்ணாடிதான். என்ட பேப்பரைப் பார்த்து எழுத நீ எட்டுகிறாய், எழுத்துத் தெரியவில்லை. "மச்சி, கண்ணாடியத் தா." "கண்ணாடியத் தந்தா நான் எப்படி எழுதுற?" "நீ எழுதாட்டி நான் எதைப் பார்க்கிற?" இப்படியே மணி அடிக்கும்வரை கண்ணாடி இங்கும் அங்கும் போய், கடைசியில் ரெண்டு பேப்பரும் வெறும் பேப்பர். அதில் பாதிக்கு மேல் ஹிக்மா எழுதிக் கொடுத்தது இல்லை, உன்ட வாயில் வந்தது. என்ட பேத்தி கெட்டிக்காரி, அதை நான் எங்கேயும் சொல்வேன். ஆனால் அவளே சொல்லுவாள், "நான் போன்தான் மூத்தம்மா பிடிக்கிற, மற்றதெல்லாம் அவங்கட வேலை" என்று.

கல்முனைச் சந்தையில் மீன் வாங்கப் போன இடத்தில் பள்ளி விட்டு வந்த பிள்ளைகள் எங்களைச் சுற்றிக்கொண்டார்கள். "மூத்தம்மா, இண்டைக்கு வீட்டுப் பாடம் செஞ்சிட்டீங்களா?" நீ கூடையை இடுப்பில் மாற்றிக்கொண்டு, "செஞ்சன் புள்ளையள். இந்தா இவதான் பார்த்தெழுதினவ, இவளைப் பிடிங்க" என்று என்னைக் காட்டினாய். எனக்கு வெட்கம். ஆனாலும் அந்தப் பெருமையை மறைக்க முடியவில்லை. அஞ்சாம் வகுப்போடு நின்ற ரெண்டு பேரைப் பள்ளிக்கூடத்துப் பிள்ளைகள் வழிமறித்துப் படம் எடுக்கிறார்கள் என்றால் சும்மா விசயமா?

நான் இங்கே சொல்ல வந்தது கடைசி வீடியோவை. டீச்சர் ஒவ்வொரு பிள்ளையாகக் கேட்கிறா, வளர்ந்து என்னவாக வர விருப்பம் என்று. நான் "பைலட்" என்று சொல்ல வேண்டும், சொன்னேன். நீ "டொக்டர்" என்று சொல்ல வேண்டும். ஏன் என்று கேட்டால், "எனக்கு நானே மருந்து எழுதலாம்" என்று முடிக்க வேண்டும். மூன்று தரம் சொல்லிப் பார்த்தாய், சரியாகத்தான் வந்தது. ஹிக்மா போனைத் தூக்கினதும் நீ எழும்பி நின்றாய். வாயைத் துடைத்தாய்.

"ஆறாம் வகுப்புக்கு வர விருப்பம் டீச்சர்."

ஹிக்மா சிரித்ததில் போன் ஆடியது, அது வீடியோவிலும் தெரியும். அவள் அப்படியே வெளியே விட்டாள். அதுதான் எல்லாவற்றிலும் கூடுதலாக ஓடினது. கீழே எழுதின எல்லோரும் சிரித்து எழுதியிருந்தார்கள். நான் மட்டும் சோறு பொங்குது என்று சொல்லி எழும்பி அடுப்படிக்குப் போனேன். அடுப்பில் சோறே இல்லை. உனக்கும் அது தெரியும். நீ பின்னால் வரவும் இல்லை, ஒன்றும் கேட்கவும் இல்லை.

அஞ்சு முடிந்த வருசம் எங்கள் ரெண்டு பேரையும் ஒரே மாதிரி நிற்பாட்டினார்கள். பெரிய பிள்ளையாகப் போகிறாள்கள், போதும் என்று. எங்களுக்குப் படிப்பித்த டீச்சர் உங்கள் வீட்டுக்கும் எங்கள் வீட்டுக்கும் வந்து கேட்டுப் பார்த்தா. உன்ட வாப்பா அவவுக்கு மரியாதையாகத் தேத்தண்ணி கொடுத்து அனுப்பினார், அவ்வளவுதான். தைமாதம் பள்ளி தொடங்கின அன்று நாங்கள் வேலிக்குள்ளே நின்று, ரோட்டால் போகிறவர்களைப் பார்த்தோம். நான் அழுதுகொண்டு நின்றேன். நீ ஒவ்வொருத்தியும் புதுச் சப்பாத்துப் போட்டு நடக்கிற நடையை வளவுக்குள் நடந்து காட்டினாய். ஒருத்தி குதிக்காலைத் தூக்குகிற மாதிரி, ஒருத்தி சேற்றில் மாடு இழுபடுகிற மாதிரி. அழுகையோடு சிரித்து எனக்கு விக்கல் எடுத்தது. அதற்குப் பிறகு நீ பள்ளிக்கூடத்தைப் பற்றி ஒருநாளும் கவலையாகக் கதைத்ததை நான் கேட்டதில்லை. கவலை இல்லை என்றுதான் இத்தனை காலமும் நினைத்திருந்தேன்.

நீ சுபஹுத் தொழுகைக்குக் கை கால் கழுவி ஒளு எடுக்கப் போன இடத்தில் விழுந்தாய். ஆஸ்பத்திரிக்குக் கொண்டு போகவும் வேலை இருக்கவில்லை, அதிலேயே மௌத்து.

உன்னைக் குளிப்பாட்டின பெண்களில் நானும் ஒருத்தி. சீலையால் மறைத்துக் கட்டி, இலந்தை இலை போட்ட தண்ணீரை நான்தான் வார்த்துக்கொண்டிருந்தேன். அப்போது வெளியே வளவுக்குள் இருந்து உன்ட குரல் கேட்டது. "டீச்சர், பேரப்புள்ள கொப்பியைக் கிழிச்சிட்டான்." யாரோ வந்தவர்களின் பிள்ளை, விசயம் தெரியாமல் தாயின் போனைத் தட்டியிருக்கிறது. என்ட கை அப்படியே நின்றுவிட்டது. உன்ட முகம் எனக்கு முன்னால், உன்ட குரல் வெளியில். உண்மையைச் சொல்கிறேன் மச்சி, முதலில் எனக்குச் சிரிப்புத்தான் வந்தது. பிறகுதான் மற்றது வந்தது. உன்ட மகள் என்ட கையில் இருந்து வாளியை வாங்கிக்கொண்டாள்.

வெளியில் உன்ட மகன் றிஸ்வான் அந்தப் போனைப் பறித்து நிற்பாட்டினானாம். வரிப்பத்தான்சேனையில் கலியாணம் முடித்து அங்கேயே வயல் செய்கிறவன், இந்த வீடியோக்களைப் பார்த்ததே இல்லை. உனக்காக ஓதின கத்தம் முடிந்து கொஞ்ச நாளில் எங்கள் வீட்டுக்கு வந்தான்.

"மாமி, ஒரு விசயம் கதைக்கோணும்."

"இரி மனே. தேத்தண்ணி குடி."

"குடிக்கிறன். உம்மாட அந்த வீடியோ எல்லாத்தையும் ஹிக்மாட்டச் சொல்லி எடுத்து அழிச்சுப்போடுங்க."

அவன் கோபமாகச் சொல்லவில்லை. கோபமாகச் சொல்லியிருந்தால் எனக்கு லேசு.

"மௌத்தான ஆளைப் பார்த்து ஊரெல்லாம் சிரிக்குது மாமி. வயலுக்குப் போனா வரம்பில நிக்கிறவன் சொல்றான், 'உங்கட உம்மாட வீடியோ பார்த்தன் காக்கா, சிரிச்சு வயிறு நொந்து போச்சு' எண்டு. அவனுக்கு அவ மௌத்தானது தெரியா. நான் என்ன செய்யிற? அவனோட சேர்ந்து சிரிக்கிறதா?"

அறைக்குள் இருந்து ஹிக்மா சொன்னாள், "அதுல ஒரு பாட்டுக்கூட இல்ல மாமா, மார்க்கத்துக்குப் பிழையா ஒண்டும் வெக்கல்ல. நான் பார்த்துப் பார்த்துத்தான் செஞ்சன்."

"உன்னைப் பிழை சொல்லல்ல மகள். இந்தச் சிரிப்பெல்லாம் கபுறுக்குள்ள கிடக்கிற அவவுக்குப் பாரமா, இல்லையா, எனக்குத் தெரியா. உங்களுக்கும் தெரியா. தெரியாத விசயத்தில என்ட உம்மாவை விட்டு வைக்க எனக்கு ஏலா."

மார்க்கம் கதைக்கிற அளவுக்கு எனக்குப் படிப்பு இல்லை. எனக்குத் தெரிந்ததை மட்டும் கேட்டேன்.

"மனே, நீ வெள்ளிக்கிழமை இங்க வந்து ஜும்ஆ தொழுதிட்டு எங்க போறாய்?"

"மையவாடிக்கு, உம்மாட கபுறடிக்கு."

"போய்?"

"ஸலாம் சொல்லுவன். யாசீன் ஓதுவன். கொஞ்ச நேரம் நிப்பன்."

"நான் பொம்புளை. எங்கட ஊரில நான் அந்த வாசல் கேற்றுக்குள்ள போகேலா. உன்ட உம்மா எங்க கிடக்கிறா, தலைமாட்டில என்ன நட்டிருக்கு, ஒண்டும் எனக்குத் தெரியா. நீ பொறக்க முதல் இருந்து என்னோட இருந்தவ மனே. நான் எங்க போய் நிக்கிற?"

அவன் கோப்பையையே பார்த்துக்கொண்டிருந்தான். தேத்தண்ணியில் ஆடை படிந்துவிட்டது. ஹிக்மாவைக் கூப்பிட்டு, கடைசி வீடியோவைக் காட்டச் சொன்னேன். அவன் வேணாம் என்று சொல்வான் என்று பார்த்தேன், கையை நீட்டி வாங்கினான்.

நீ வாயைத் துடைக்கிற இடத்தில் அவன் முகம் இளகினது. வீட்டில் உன்னை அப்படிப் பார்த்துத்தானே வளர்ந்தான். பிறகு நீ அந்த வசனத்தைச் சொன்னாய். முடிந்த பிறகும் அவன் போனைக் கீழே வைக்கவில்லை.

"உம்மா இதை நடிச்சவவா மாமி?"

"ஹிக்மா சொல்லிக் குடுத்தது வேற வசனம்."

இன்னொரு தரம் போட்டுப் பார்த்தான். "எங்களை அடிச்சு அடிச்சுப் பள்ளிக்கு அனுப்பினவ" என்றான். "தனக்கு இப்படி ஒரு ஆசை இருந்த எண்டு எங்களுக்குச் சொல்லவே இல்லையே."

"எனக்கும் சொல்லல்ல மனே."

ஸலாம் சொல்லிவிட்டு எழும்பிப் போனான். அழிங்க என்று மறுபடி கேட்கவில்லை. கேட்டிருந்தால் நான் மல்லுக்கு நின்றிருப்பேன், என்னை உனக்குத் தெரியும். கேட்காமல் போனதால்தான் என்னால் அழிக்காமல் விட ஏலாமல் போனது. பிள்ளை பயப்படுகிறது தாய்க்காக. அந்தப் பயத்தை அவன் நெஞ்சில் வைத்துவிட்டு நான் போனில் உன்னைப் பார்த்துச் சிரிப்பதா?

அடுத்த நாள் அஸர் தொழுகைக்குப் பிறகு ஹிக்மாவிடம் வீடியோக்களை அழிக்கச் சொன்னேன். அவள் அழுதாள். அவளுடைய பேர் ஊரில் தெரிந்தது உன்னால்தானே. ஆனாலும் எதிர்த்துக் கதைக்கவில்லை, என்ட பேத்தி அப்படிப்பட்டவள். பக்கத்தில் இருந்து பார்த்தேன். ஒவ்வொன்றிலும் உன்ட முகம் வரும், அழிக்கவா என்று போன் கேட்கும், அவள் என்னைப் பார்ப்பாள், நான் ஓம் என்பேன். கொப்பி கிழிந்தது போனது. கண்ணாடி போனது. ஆறாம் வகுப்பை மட்டும் வெளியில் இருந்து எடுத்து, என்ட போனிலும் றிஸ்வான்ட போனிலும் போட்டுவிட்டாள். நான் இன்னும் அதைத் திறக்கவில்லை. அவன் திறந்தானா என்று கேட்கவும் இல்லை.

அதற்கு அடுத்த வெள்ளிக்கிழமை ஜும்ஆ முடிந்த நேரம் வாசலில் மோட்டார் சைக்கிள் சத்தம். றிஸ்வான் இறங்கவில்லை.

"மாமி, மையவாடிக்குப் போயிட்டு வாறன். உங்கட ஸலாத்தையும் சொல்லிட்டன்."

நான் சொல்லி அனுப்பவே இல்லை. தானாகச் செய்திருக்கிறான். தலைமாட்டில் வேப்பங்கன்று நட்டிருக்கிறதாம், ரெண்டு துளிர் விட்டிருக்கிறதாம். அதற்குப் பிறகு வெள்ளிக்கிழமைகளில் போகிறபோது ஒரு தரம் நிற்பான், வருகிறபோது ஒரு தரம் நிற்பான். வேப்பங்கன்று எவ்வளவு வளர்ந்தது என்பது எனக்கு அவன் சொல்லித்தான் தெரியும்.

போன கிழமை ஹிக்மா பள்ளி விட்டு வந்து ஒரு கதை சொன்னாள். பிந்தி வருகிற பிள்ளைகளின் பேரை எழுதுகிற வேலை இப்போது அவளுக்கு. அன்றைக்கு அவளே பிந்திவிட்டாள். கேற்றடியில் நின்று தன்ட பேரைத் தானே எழுதி, தன்னைத் தானே ஏசிவிட்டு உள்ளே போனாளாம். நான் சிரித்த சிரிப்பில் வேலிப்பக்கம் திரும்பி உன்னைக் கூப்பிட வாயைத் திறந்துவிட்டேன்.

வெள்ளிக்கிழமை றிஸ்வான் வந்து நின்று, "உம்மாட்ட வேற ஏதும் சொல்லோணுமா மாமி?" என்று கேட்டான். ஹிக்மாட கதை நாக்கு நுனிவரை வந்தது. கபுறடியில் நின்று யாசீன் ஓத வருகிற பிள்ளையிடம் இதையா சொல்லி அனுப்புவது?

"ஸலாம் மட்டும் சொல்லு மனே" என்றேன்.

அதனால் அந்தக் கதையை இதில் எழுதினேன். இதைக் கேட்டால் நீ ஒரு வசனம் சொல்லியிருப்பாய். என்ன சொல்லியிருப்பாய் என்று அந்த நாளில் இருந்து யோசித்துப் பார்க்கிறேன், மச்சி. எனக்கு வருகுதில்லை. வசனம் சொல்கிறது நீ, நான் எப்போதும் சிரிக்கிற ஆள்தானே.