வேறொருவர் பெயருக்கு மேலே ஆமோஸின் முகம்

ஆல்டர்கோட்,
1921 அக்டோபர் 16, ஞாயிறு.

அன்பு மகள் கேசியாவுக்கு அப்பா எழுதுவது. கர்த்தர் தயவில் நானும் உன் அம்மாவும் உடம்புக்குக் குறைவில்லாமல் இருக்கிறோம். நீயும் ஜெத்ரோவும் குழந்தையும் அந்தக் கனடாக் குளிரில் சுகமாக இருக்க வேண்டும் என்பதுதான் தினமும் எங்கள் ஜெபம். உடம்பைத்தான் சொன்னேன், மனசு கொதித்துக்கொண்டிருக்கிறது. கோபம் ஆறட்டும், பிறகு எழுதலாம் என்று ஐந்து வாரம் பொறுத்தேன். ஆறுகிற வழியாக இல்லை, சூட்டோடேயே எழுதுகிறேன்.

லாத்பரி சீமாட்டி தன் மகன் நினைவாகக் கோயிலில் வைக்கும் வண்ணக் கண்ணாடி ஜன்னல் வந்துவிட்டதா, அழகாக இருக்கிறதா என்று கேட்டிருந்தாய். வந்துவிட்டது, அழகாகத்தான் இருக்கிறது. அவளுடைய மகன் கேப்டன் ஹ்யூவும் அவருக்கு ஏவலாளாகப் போன நம் ஆமோஸும் பிரான்சில் ஒரே நாளில் விழுந்தவர்கள். கேப்டனுக்கு ஜன்னல், அதில் அவர் முகத்தோடு போர்வீரப் புனிதர் செயின்ட் ஜார்ஜ் நிற்பதாக ஏற்பாடு. நம் பையனையும் சேர்த்துப் போரில் செத்த ஊர்க்காரர் மற்றப் பதினோரு பேருக்கும் கணப்பு அடுப்புக்குப் பின்னால் ஒரு பலகை, அதில் இப்போதே கரி படிந்துவிட்டது. அதைக்கூட வாய் திறக்காமல் பொறுத்துக்கொண்டேன். பழைய கண்ணாடியைக் கழற்றிப் புதுக் கண்ணாடி பொருந்தக் கல்லில் காடி வெட்டும் வேலையையும் குருவானவர் ஃபென்விக் என்னிடம்தான் கொடுத்தார், ஊரில் வேறு கல்தச்சன் இல்லையே. செப்டம்பர் ஆறாம் தேதி லண்டனிலிருந்து கண்ணாடிக்காரர்கள் பெட்டிகளோடு வந்தார்கள். அவர்களுடைய மேஸ்திரி டன்ஸ்டன் சாரத்தின் மேல் நின்றுகொண்டு, “பெரியவரே, அந்தச் சின்னப் பெட்டியப் பிரிச்சு மேல குடுங்க, பாத்து, செயின்ட் ஜார்ஜோட தலை அதுலதான் இருக்கு” என்றார். வைக்கோலை விலக்கினேன். உள்ளே ஆமோஸ் இருந்தான்.

ஏதோ சாயல் என்று நினைக்காதே கேசியா. வண்டிச் சக்கரம் இடித்த இடது புருவத்துத் தழும்பு, நீ பிடித்து இழுத்துக் கேலி செய்த அந்தத் தூக்கிய காது, சிரிப்பை அடக்கும்போது வாயை ஒரு பக்கம் கோணிக்கொள்வானே, அது, எல்லாம் இருந்தது. தலையைச் சுற்றிப் பொன் நிறத்தில் ஒரு வட்டம். நான் அதை வெளியே எடுத்து வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்ததைப் பார்த்து டன்ஸ்டன் போட்டுவிடாதீங்க என்று கத்தினார். “போட மாட்டேன்யா, இது என் மகன்” என்றேன். இறங்கி வந்தார். சீமாட்டி வீட்டிலிருந்து ஒரே ஒரு புகைப்படம் வந்ததாம். ஆற்றில் குளித்துவிட்டு வெறும் சட்டையோடு இரண்டு இளைஞர்கள் நிற்கிறார்களாம், யார் கேப்டன் என்று எழுதவில்லையாம். “ரெண்டு மூஞ்சியயும் ஓவியர் பாத்தாரு, இதுதான் புனிதருக்குப் பொருந்துதுன்னு வரைஞ்சிட்டாரு, நான் என்னங்க பண்ண?” என்றார் பாவம். அந்த முகத்துக்குக் கீழே பெரிய எழுத்தில் கேப்டன் ஹ்யூ லாத்பரி.

நேரே குருவானவரிடம் போனேன். “புனிதருக்கு யார் முகமா இருந்தா என்ன ரூபன், எல்லாரும் தேவனோட பிள்ளைங்கதானே” என்றார். அப்படியானால் என் மகன் பெயரையும் கீழே போட்டுவிடலாமே என்றேன். “அது எப்படிப்பா, அது அவங்க குடும்பத்து ஜன்னலாச்சே” என்று தொப்பியைத் தடவிக்கொண்டு நின்றார். தேவனுடைய பிள்ளைகள் எல்லாம் அதற்குள் எங்கே போனார்களோ! மறுநாள் பெரிய வீட்டிலிருந்து ஆள் வந்தான். லண்டனிலிருந்து வேறு தலை வந்ததும் அதை மட்டும் மாற்றிவிடுகிறார்களாம், நாங்கள் வருத்தப்பட வேண்டாமாம். எடுத்த தலையை என்ன செய்வீர்கள் என்று டன்ஸ்டனைக் கேட்டேன். உடைந்த கண்ணாடி கிடந்த வாளியைப் பார்த்தார். இது காதில் விழுந்ததும் உன் அம்மா மாவுக் கையோடு ஓடிப்போய் ஜன்னலுக்குக் கீழே உட்கார்ந்துகொண்டாள். “எவன் பேரு வேணாலும் இருக்கட்டும் ஐயா, என் புள்ள மூஞ்சிய எடுக்காதீங்க, வாராவாரம் பாத்துட்டாவது போறேன்” என்று குருவானவரின் அங்கியைப் பிடித்துக் கெஞ்சினாள். அவர்கள் செய்ததைவிட அவள் கெஞ்சியதுதான் எனக்குப் பொறுக்கவில்லை. ஏன் கெஞ்ச வேண்டும்? எதைத் திருடினோம்?

வியாழக்கிழமை பட்டப்பகலில், கதவைத் திறந்து வைத்துக்கொண்டு, ஜன்னலின் கீழ்க்கல்லில் உளியை வைத்தேன். ‘இந்த முகம் ஆமோஸ் டாக்கெட்டுடையது’. யாரும் சுரண்டி எடுத்துவிட முடியாதபடி ஆழமாக வெட்டினேன். குருவானவர் வந்து பார்த்து வெளிறிப்போனார். பேராயர் அனுமதி இல்லாமல் கோயில் கல்லைத் தொடுவது குற்றமாம். பத்து நாளில் பேராயர் அலுவலகத்திலிருந்து கடிதம், ஒரு மாதத்துக்குள் எழுத்தை அடைத்துச் சமப்படுத்த வேண்டுமாம். நான் செய்யமாட்டேன் என்றேன். குருவானவர் பக்கத்து ஊர்க் கல்தச்சர்கள் இரண்டு பேரைக் கேட்டுப் பார்த்திருக்கிறார். அதில் ஒருவன், எபனேசர், தன் இரண்டு மகன்களையும் போரில் கொடுத்தவன். “அந்தப் பேர அழிக்கிற அளவுக்கு என் உளியில கூர் இல்லீங்க” என்று சொல்லிக் கதவைச் சாத்தினானாம்.

போன மாதக் கடைசியில் சீமாட்டியே தனியாக என் பட்டறைக்கு வந்தாள். நான் உட்காரச் சொல்லவில்லை. கல்தூளில் நின்றுகொண்டே பேசினாள். “வசந்த காலத்துலேயே ஜன்னலோட மாதிரிப் படம் வந்துது டாக்கெட். பாத்த உடனே தெரிஞ்சுது, ஹ்யூ இல்லன்னு. அவன் முகமா இருந்தா வாராவாரம் என்னால நிமிர்ந்து பாக்க முடியாது. அதான் சும்மா இருந்துட்டேன். நீங்க கண்டுபிடிச்சதும் ஊர் சிரிக்குமேன்னு மாத்தச் சொல்லிட்டேன்” என்றாள். எனக்கு வந்ததே கோபம்! “உங்களால தாங்க முடியாதுன்னு எங்க புள்ளைய எடுத்து மாட்டுனீங்களா? அப்போ என் பெண்டாட்டி மட்டும் தாங்கிக்கணுமா?” என்று கேட்டுவிட்டேன். பெரிய வீட்டு மனுஷியிடம் அப்பனும் தாத்தனும் பேசாத பேச்சு. அவள் முகம் கிழவி முகமாக ஆகிவிட்டது. என்ன வேண்டும் என்றாள். முகமும் இருக்கணும், பேரும் இருக்கணும் என்றேன். பேராயருக்குத் தானே எழுதுவதாகச் சொல்லிவிட்டுப் போனாள், எழுதியும் இருக்கிறாள். தலையை மாற்ற வேண்டாம், கல்லில் வெட்டியதும் அப்படியே இருக்கலாம் என்று போன புதன்கிழமை உத்தரவு வந்தது.

ஜெயித்துவிட்டாயே, இன்னும் என்ன கோபம் என்று நீ கேட்பாய். கேள். இன்று காலை ஆராதனையில் சீமாட்டி தன் குடும்ப இருக்கையை விட்டு வந்து நம் வரிசை அருகே நின்றாள். அந்த இடத்திலிருந்துதான் ஜன்னல் நன்றாகத் தெரியும். உன் அம்மா நகர்ந்து இடம் கொடுத்தாள், பாட்டுப் புத்தகத்தையும் பிரித்து அவள் பக்கம் நீட்டினாள். இரண்டு பேரும் சேர்ந்து மேலே பார்த்துக்கொண்டிருந்தார்கள். நான் எழுந்து போய்ப் பின்னால், அடுப்புக்குப் பக்கத்தில் உட்கார்ந்துகொண்டேன். வீட்டுக்கு வந்ததிலிருந்து உன் அம்மா என்னிடம் பேசவில்லை, நானும் பேசவில்லை.

குழந்தையின் நெஞ்சுக்குக் கம்பளி சுற்றாமல் வெளியே எடுத்துப் போகாதே. உன் அம்மாவுக்குத் தனியாக ஒரு கடிதம் போடு. யார் பக்கம் நியாயம் என்று மட்டும் அதில் எழுதிவிடாதே. ஆண்டவர் உன் வீட்டு வாசலையும் உன் பிள்ளையின் மூச்சையும் காப்பாராக.

இப்படிக்கு,
ஆறாத கோபத்தோடும் குறையாத அன்போடும்,
உன் அப்பா ரூபன் டாக்கெட்.